உன் ரூம் ஜன்னலைத் திறந்துவிட்டோம்

தேவனேரி
மழை விட்ட மறுநாள்

செல்லம் பிரியங்காவுக்கு அம்மா எழுதுவது. நான், அப்பா, தம்பி கிஷோர் எல்லாரும் சுகம், புனேயில் நீ இருமாமல் தும்மாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். போனில் சொன்னால் பாதியில் மீட்டிங் என்று கட் பண்ணிவிடுகிறாய், அதனால் கருவாட்டுப் பார்சலோடு இதையும் வைக்கிறேன், முழுசாகப் படி!

போன பொங்கலுக்கு வந்த ரெண்டாம் நாளே மூச்சு இழுக்கிறது என்று கேளம்பாக்கத்தில் உன் சிநேகிதி ஜாக்குலின் வீட்டுக்குப் போனாயே, மீதி லீவெல்லாம் அங்கேயே இருந்தாயே, புள்ளைக்கு நம்ம வீடு பிடிக்காமல் போயிடுச்சோ என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அப்புறம் நீ அனுப்பிய டாக்டர் சீட்டில் பூஞ்சை அலர்ஜி என்று பார்த்ததும் யூடியூபில் உட்கார்ந்தேன் பார், பதினேழு வீடியோ! கடைசியில் குற்றவாளி யார் தெரியுமா? நான்தான். உப்புக்காத்தில் உன் பீரோ துருப்பிடிக்கக் கூடாது என்று நீ புனேவுக்குப் போனதிலிருந்து உன் ரூம் ஜன்னலை நான் திறந்ததே இல்லை. நீ வருவதற்கு முந்தின நாள் சுவரில் கறுப்புத் தெரிந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் அடித்து மறைத்துவிடுவேன். இப்போது பீரோவை நகர்த்தினால் பின்னால் சுவர் முழுக்கப் பூசணம், பக்கத்தில் அப்பா அடுக்கிய ஈர வலை வேறு. வலையை எடுக்கச் சொன்னதுக்கு, "இன்னாடி, எங்கப்பன் காலத்துலேர்ந்து வலை இங்கதான் கீது, எவன் செத்தான்?" என்று குதித்தார். உன் சீட்டைப் படித்துக் காட்டினேன். மறுநாள் அவரே வலையை ஷெட்டுக்குத் தூக்கிப் போய்விட்டு, மழைத்தண்ணி இறங்குகிற மாடி வெடிப்பையும் அடைத்தார். கிஷோர் மாஸ்க், கிளவுஸ் எல்லாம் போட்டு சோப்புத் தண்ணியில் சுவரைத் தேய்த்தான், "எம்மா, ஆப்பரேஷன் டாக்டர் மாரி கீறேனா?" என்று செல்ஃபி வேறு. நாலு நாள் ஃபேன் போட்டுக் காயவிட்டோம். உன் பஞ்சு மெத்தையும் தலையணையும் தேறவில்லை, தூக்கிப் போட்டுவிட்டேன், திட்டாதே. ஈரப்பதம் காட்டுகிற குட்டி மீட்டர் ஆன்லைனில் வாங்கினேன், கடலுக்குப் போகுமுன் காத்து பார்க்கிற மாதிரி அப்பா இப்போது அதையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்! நீயும் ஈரத்துணியை ரூமுக்குள் காயப்போடாதே, குளித்ததும் எக்ஸாஸ்ட் ஃபேன் போடு, கட்டிலைச் சுவரை ஒட்டிப் போடாதே, இன்ஹேலர் எப்பவும் பையிலேயே இருக்கட்டும்.

ஜன்னல் திறந்தே இருக்கிறதா, பீரோ கீல் அதற்குள் துருப்பிடித்துக் கிறீச்சென்கிறது. பிடிக்கட்டும், பீரோ வேறு வாங்கிக்கலாம்.

கங்கையம்மன் புண்ணியத்தில் நெஞ்சு நிறைய மூச்சு விட்டு நீ நல்லா இருக்கணும். பொங்கலுக்கு டிக்கெட் போடும்போது ஞாபகம் வை, கேளம்பாக்கத்தில் இல்லை, இங்கே பத்து நாள்.

உன் வருகைக்கு மெத்தை வாங்கி வைத்திருக்கும்
அம்மா தமிழ்ச்செல்வி