கொம்பில் படிந்த கரி

அன்புத் தம்பி,

ஹவானாவிலிருந்து நீ கப்பலேறுவதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

போன வாரமும் நம் முனைப் பாறையில் ஒரு கப்பல் மோதி உடைந்தது. கோயில் மணி அடித்த பிறகுதான், ஒதுங்கும் சரக்கை அள்ள ஊர் கரைக்கு ஓடியது. பக்கத்து வீட்டு சபேலா கேட்கிறாள்: "உன் புருஷனுக்கு மட்டும் எப்படிடி முன்னாடியே தெரியுது? மணி அடிக்கறதுக்குள்ள வண்டியப் பூட்டிட்டு நிக்கிறாரே!"

காற்றடிக்கும் மாலைகளில் உன் அத்தான் மாட்டை முனைக்கு ஓட்டிப் போகிறார். உப்புப் புல் தின்றால் பால் ஊறுமாம். நேற்று அதன் கொம்பில் கரியைப் பார்த்தேன். மண்ணெண்ணெய் வாடை. கேட்டதற்கு, "மாட்டுக் கொம்ப மோந்து பாக்குற பொம்பளைய இப்பத்தான் பாக்கறேன்" என்றார். சிரிக்கவில்லை.

கொம்பில் விளக்கைக் கட்டி மாட்டை நடக்கவிட்டால், தூரத்துக் கப்பலுக்கு அது முன்னால் போகும் கப்பலாகத் தெரியும், அதை நம்பி வரும் கப்பல் பாறையில் மோதும் என்று ஊரில் ஒரு பழங்கதை உண்டே! 

நீ வீகோ துறைமுகத்திலேயே இறங்கித் தரைவழியாக வா. அவரிடம் மட்டும், புனித லூசியா திருநாளன்று உன் கப்பல் இந்த முனையைக் கடக்கும் என்று சொல்லியிருக்கிறேன். உன்மேல் அவருக்கு உயிர். அன்று காற்றடித்தும் அவர் மாட்டைத் தொழுவத்திலேயே கட்டி வைத்தால், எனக்கு எல்லாம் விளங்கிவிடும்.

உன் அக்கா