டிக்கெட்டை மாற்றிவிடு, தேர்வு எழுதிவிட்டு வருகிறேன்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே உன் அப்பாவின் முழங்கால் வலியையும் என் கோபத்தையும் தவிர மற்றபடி எல்லாரும் நலம். நீயும் மருமகளும் அவள் வயிற்றில் உருளுகிற என் செல்லமும் சுகமாக இருக்க வேண்டும், எந்நேரமும் மனசில் ஓடுவது அதுதான். நீ அனுப்பிய விமான டிக்கெட் வந்தது. பார்த்ததும் சந்தோஷப்பட்டேன், தேதியைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. என் கணிதத் தேர்வு செவ்வாய்க்கிழமை என்று உனக்கு நன்றாகத் தெரியும், அதற்கு முந்தின சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டிருக்கிறாய். கேட்டால், அந்தப் பேப்பரை விட்டுடும்மா, இந்த வயசுல உனக்கு எதுக்கு அது என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். ஃபோனில் உன்னிடம் பேசி ஜெயிக்க முடியாது, ஆபீஸ்ல கூப்பிடுறாங்க என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன், பாதியில் மடிக்காமல் கடைசி வரை படி.

போன தடவை நான் ஏன் ஃபெயிலானேன் தெரியுமா, உன் பேச்சைக் கேட்டதால்தான். வகைக்கெழுச் சமன்பாட்டுக்குத் தொகையீட்டுக் காரணி என்று ஒன்றைப் போட்டுப் பெருக்குகிறார்களே, அது எங்கிருந்து வருகிறது, எதற்காகப் பெருக்க வேண்டும் என்று உன்னிடம் கேட்டேன். அதெல்லாம் யாரும்மா கேட்கப்போறாங்க, ஒய் பக்கத்துல என்ன இருக்கோ அதை எடு, தொகையிடு, ஈ-ங்கிற எழுத்து தலைமேல தூக்கி வை, அவ்வளவுதான், மனப்பாடம் பண்ணிட்டுப் போ என்றாய். எஞ்சினியர் சொல்கிறானே என்று பாத்திரம் தேய்க்கும்போதுகூட அதையே முணுமுணுத்தேன். தேர்வில் வந்த கணக்கில் ஒய்யின் வகைக்கெழுவுக்கு முன்னால் ஓர் எக்ஸ் நின்றது, அதோடு இரண்டு ஒய்யைக் கூட்டினால் எக்ஸ் வர்க்கம் வரும் என்று கொடுத்திருந்தார்கள். ஒய் பக்கத்தில் இருந்தது இரண்டு, நீ சொன்னபடி அதை அப்படியே அள்ளிக்கொண்டேன். முன்னால் நிற்கிற எக்ஸால் முதலில் எல்லாவற்றையும் வகுத்துவிட வேண்டும் என்று உன் மனப்பாடம் எனக்குச் சொல்லவில்லை. விளைவு, மூன்று பக்கத்துக்கு முத்து முத்தான கையெழுத்தில் தப்பு, கடைசி விடைக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு வேறு. அந்தப் பெரிய கேள்வியோடு பாஸும் போனது.

அதற்குப் பிறகு நான் யார் பேச்சையும் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். நம் மருந்துக்கடை ஸ்டோர் ரூமில் சாப்பாட்டு நேரத்தில் சிரப் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஒரு பெட்டியின் மூடியைக் கிழித்து அதன்மேல் அதே கணக்கை மறுபடி போட்டேன். எக்ஸால் வகுத்தேன், ஒய்யோடு இப்போது எக்ஸால் வகுத்த இரண்டு வந்து நின்றது. இனி எதால் பெருக்கினால் இடப்பக்கம் முழுதும் ஒரே பெருக்கலின் வகைக்கெழுவாக மாறும் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். எக்ஸ் வர்க்கத்தால் பெருக்கினேன். எக்ஸ் வர்க்கத்தால் பெருக்கிய ஒய்யின் வகைக்கெழு, அதோடு இரண்டு எக்ஸ் ஒய். அட, எக்ஸ் வர்க்கத்தையும் ஒய்யையும் பெருக்கி வகையிட்டால் வருவது இதுதானே! பெருக்கல் விதியைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், வேறொன்றுமில்லை. ஒட்டாமல் நின்ற இரண்டும் ஒன்றாகிவிட்டன, இரண்டு பக்கமும் தொகையிட்டேன், மாறிலியையும் சேர்த்து எக்ஸ் வர்க்கத்தால் வகுத்தேன். விடையைக் கொண்டுபோய் மறுபடி சமன்பாட்டில் போட்டால் பிசிறில்லாமல் பொருந்துகிறது. நான் போட்ட சத்தத்தில் வெளியே இருமல் மருந்து வாங்க நின்றவர் இருமலை மறந்துவிட்டார். அவ்வளவு சந்தோஷமடா எனக்கு, சொன்னால் உனக்குப் புரியுமோ என்னவோ.

மாலைக் கல்லூரி ஆசிரியர், உன்னைவிடச் சின்னவர், நல்ல பிள்ளை, அவரும் ஒவ்வொரு தடவையும் அடியிலிருந்து வராதீங்கம்மா, நேரம் பத்தாது என்கிறார். பத்தவில்லை என்றால் வேகமாக எழுதப் பழகுகிறேன் என்று சொல்லிவிட்டேன். உன் சித்தி வந்து, பேரக்குழந்தை வர்ற நேரத்துல எக்ஸு ஒய்யுன்னு உட்கார்ந்திருக்கியே, ஊர் என்ன பேசும் அக்கா என்று ஒரு மூச்சு அழுதாள். ஊர் வந்து எனக்காகத் தேர்வு எழுதுமா என்று கேட்டேன், மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். உன் அப்பா சாயங்காலச் சமையலைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார், உப்பு ஒரு நாள் இருக்கிறது, ஒரு நாள் இல்லை. மருமகள் தனியாக எனக்கு ஃபோன் செய்தாள். அத்தை, நீங்க எழுதிட்டே வாங்க, டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருக்கு, அதுவரைக்கும் இவரு கொஞ்சம் வீட்டு வேலை கத்துக்கட்டும் என்றாள். நான் சொன்னதா சொல்லாதீங்க என்றும் சொன்னாள். சொல்லிவிட்டேன், கோபம் இருந்தால் என்னிடம் காட்டு, அவளிடம் வைத்துக்கொள்ளாதே.

இந்தப் பாடத்திட்டத்துக்கு இதுதான் கடைசித் தேர்வு. இதை விட்டால் முதல் வருஷத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதற்கு எனக்குத் தெம்பு இல்லை. உன்னை வயிற்றில் சுமந்தபோதுதான் அன்றைக்கு என் கடைசி வருஷத் தேர்வை எழுதாமல் விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை, எழுதச் சொல்லவும் ஒருத்தர் இல்லை. உன்னைப் பெற்றதில் ஒரு நாளும் எனக்கு வருத்தம் கிடையாது, அதை நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஆனால் இரண்டாவது தடவை விட மாட்டேன், உனக்காகவும் மாட்டேன், உன் பிள்ளைக்காகவும் மாட்டேன். அது அவசரப்பட்டு முன்னாலேயே வந்துவிட்டால் பக்கத்தில் நான் இல்லையே என்று அழுவேன். அழுதுகொண்டே எழுதுவேன். நீ லீவு போட்டு அவள் பக்கத்தில் இரு, பிள்ளையைத் தூக்கத் தகப்பனுக்குக் கை இருக்கிறது.

மருமகளை இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்க விடாதே, உடம்பில் சேராது. அவள் சொல்வதைக் கேள். டிக்கெட்டைப் புதன்கிழமைக்கு மாற்றி உடனே அனுப்பு. நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
பி.எஸ்சி. கணிதம், இறுதி ஆண்டு.