மூன்றாம் பக்கத்துத் திருத்தம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ நலமா என்று கேட்கும் மனநிலையில் இல்லை.

உன் பாடகர் குழுவுக்காக நான் எழுதிய பாட்டின் அச்சடித்த பிரதி வந்தது. மூன்றாம் பக்கத்தில், ஆண்களில் உயர்ந்து பாடும் டெனர் குரலை யாரைக் கேட்டு மாற்றினாய்? டெனரும் அடிக்குரலான பேஸும் ஐந்து சுர இடைவெளி மாறாமல் சேர்ந்தே இறங்கக்கூடாது என்பது எனக்குத் தெரியாதா? ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதானே இருவரும் பல குரல்களைச் சேர்த்து எழுதும் கவுண்டர்பாயிண்ட் படித்தோம். தெரிந்தேதான் மீறினேன். பழையபடி மாற்று.

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாதே. போட்டிக்கு வரும் நடுவர்களில் ஒருவர் இந்த விதிக்காகவே மதிப்பெண்ணை வெட்டுகிறவர். "எழுதுனவங்களுக்கு அரிச்சுவடியே தெரியலையே" என்று மேடையிலேயே சொல்வார். அதுவும் அப்பா முன்னால். நான் மாற்றியது இரண்டே சுரம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது.

அப்பா உன்னைத்தான் விசாரித்துக்கொண்டே இருக்கிறார். ஒரு போனாவது போடக்கூடாதா?

தம்பி

மார்ச் 12

தம்பி,

இனிமையா! அங்கே வரும் சொல் என்ன? "யாருமில்லை." அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, அப்பா பூட்டைத் திறந்துகொண்டே, "கொஞ்சம் தண்ணி கொண்டா" என்று உள்ளே பார்த்துச் சொன்னாரே, மறந்துவிட்டாயா? செருப்பைக்கூடக் கழற்றாமல் மூவரும் நின்றோம். அதற்காகத்தான் அந்தக் குரல்களை அப்படி வெறுமையாக இறக்கினேன். நீ நடுவில் உன் இரண்டு சுரத்தைச் செருகி, யாருமில்லை என்ற இடத்தில் ஆளைக் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறாய்.

மாற்ற முடியாதென்றால் என் பெயரை எடுத்துவிடு. நானும் வரப்போவதில்லை.

அக்கா

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

சொன்னபடியே வராமல் இருந்துவிட்டாய். உன் பிடிவாதத்தைத் திட்டிக்கொண்டேதான் ஒத்திகையில் இரண்டு விதமாகவும் பாடவைத்தேன். எங்கள் பேஸ் பாடகர், பஸ் ஓட்டுகிறவர், தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நீங்க மாத்துனது நல்லாத்தான் இருக்கு சார். ஆனா உங்க அக்கா எழுதுனது, கடைசி ட்ரிப் முடிஞ்சு காலி பஸ்ஸை ஓட்டிட்டு வர்ற மாதிரி இருக்கு."

போட்டியில் நீ எழுதியதையே பாடினோம். நடுவர் நான் பயந்த வார்த்தையைச் சொல்லியேவிட்டார். நான்காம் இடம்.

வீட்டு வாசலில் இறங்கும்போது அப்பா, "அன்னைக்கு வீடு இப்படித்தான்டா இருந்துச்சு. அவ ஏன் வரல?" என்றார். அதற்கு நீயே வந்து பதில் சொல்.

இன்னொன்று. ஐந்தாம் பக்கத்தில் பெண்களின் மேல்குரல்கள் இரண்டும் இதேபோல் சேர்ந்து ஏறுகின்றன. கேட்டால் மறுபடி குதிப்பாய் என்று அப்படியே பாடவிட்டேன். அதற்கு என்ன காரணம்?

தம்பி

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

ஐந்தாம் பக்கத்தை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். காரணமாவது மண்ணாவது! அது சுத்தமான தப்பு. கவனிக்காமல் எழுதியிருக்கிறேன். வேண்டாத இடத்தில் கை வைக்கத் தெரிந்தவனுக்கு, வேண்டிய இடத்தில் என்ன வந்தது? அத்தனை பேர் முன்னால் அதையும் பாடவைத்திருக்கிறாயே, உன்னை என்ன செய்தால் தகும்?

சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். அப்பாவிடம் சொல். இரண்டு பேரும் உட்கார்ந்து ஐந்தாம் பக்கத்தைத் திருத்துவோம். நான் வருவதற்குள் அதைத் தொடாதே.

உன் அக்கா