காலண்டர் அடியில் ஒரு வரி

சிவகாசி,
ஆடி இருபது.

அன்பு மகள் ஹர்ஷினிக்கு அம்மா எழுதிக்கொண்டது. நானும் அப்பாவும் நம் அச்சாபீசும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், பெர்லினில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க இருக்கன்குடி மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டுப் புது வருஷக் காலண்டர் மாதிரிகளை அடுக்கிய ஆல்பத்தை வெளியிடாவிட்டால் ஆர்டரெல்லாம் அடுத்த ஆபீசுக்குப் போய்விடும் என்பது உனக்குத் தெரியாததா. அதற்கு ஒரு வாரம் இருக்கும்போது நம் டிசைன் கம்ப்யூட்டர் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. கம்பெனிக்காரன் பழைய மென்பொருளை நிறுத்திவிட்டானாம், புதியது நம் மெஷினில் ஓடாதாம். டிசைன் போடும் ரோஜா அழாத குறை. நாம போட்ட முருகன் படத்த நாம பாக்க அவன்கிட்டயா உத்தரவு கேக்கணும் என்று அப்பா குதித்தார்.

பொங்கலுக்கு வந்தபோது நீ ஏற்றிவைத்த இலவச மென்பொருள் எனக்குத்தான் ஞாபகம் வந்தது. எந்தெந்த ஊரிலோ இருக்கும் முகம் தெரியாத பிள்ளைகளோடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்காக நீ சம்பளமில்லாமல் உழைப்பதைப் பார்த்து, இம்புட்டுப் படிச்சிட்டு ஓசி வேலை பாக்கியே என்று கேலி செய்து உன் முகத்தை வாடவைத்தவர் உன் அப்பாதானே. இப்போது வேறு வழியில்லை. ரோஜா எல்லாவற்றையும் அதில் புதிதாகப் போட்டாள், ஆனால் தமிழில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் நின்றன. நீ அங்கிருந்தே அந்த மென்பொருளுக்குள் புகுந்து மறுநாளே சரிபண்ணி அனுப்பினாய். யாரு வேணும்னாலும் தொறந்து பாத்துச் சரிபண்ணலாமா என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார்.

பக்கத்து ஆபீஸ் வேலுச்சாமி அண்ணாச்சியும் அதே கம்பெனியிடம் மாட்டிக்கொண்டு முழித்தார். அவர் நமக்குப் போட்டி, அவர் கண்ணில் படாமல்தான் நாம் ஆல்பத்தையே மூடிவைப்பது. அவருக்கும் இந்த மென்பொருளைக் கொடுக்கலாமா என்று அப்பா உலாத்திக்கொண்டே இருந்தார். இது திருட்டுக் காப்பியா என்ன, எல்லாருக்கும்னு வச்சது, வாங்கும்போது கையேந்துனீக, குடுக்கும்போது மட்டும் மூடிக்கிடுவீகளா என்று கேட்டேன். பென் டிரைவோடு ரோஜாவையும் அனுப்பிவிட்டார். ஆடிப்பெருக்கன்று இரண்டு ஆல்பமும் வந்துவிட்டன, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கூத்தை இனிமேல்தான் கேள். நம் ஊரில் இலவசக் காலண்டர் என்றால் கொடுக்கிற கடையின் பெயர் அடியில் இருக்கும் அல்லவா, அப்படி இதற்கும் பெயர் போடாவிட்டால் வழக்கு வரும் என்று அப்பா பயந்துவிட்டார். யாரும் கேட்கமாட்டார்கள் என்று ரோஜா சொல்லியும் நம்பாமல், "உபயம்: முகம் தெரியாத பிள்ளைகளும் எங்கள் மகள் ஹர்ஷினியும்" என்று ஆல்பத்தின் முதல் காலண்டரில் அச்சடித்துவிட்டார். இது எந்த ஊர்க் கடை என்று ஆர்டர் பிடிக்கும் ஏஜெண்டுகள் கேட்கிறார்கள். கட இல்லய்யா, எம் மக பாக்கிற வேல என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய் இப்போது பனங்கற்கண்டுப் பால் குடிக்கிறார்.

அந்தக் காலண்டரைத்தான் இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். மாரியம்மன் துணையால் நோய்நொடி இல்லாமல் நீ நூறாண்டு இருக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே. ஜனவரி பிறந்ததும் காலண்டரை ஞாயிற்றுக்கிழமை நீ உட்காரும் மேஜைக்கு எதிரே மாட்டு. தாளைத் தினமும் கிழித்துக்கொள், அடியில் அப்பா போட்ட வரி வருஷம் முழுக்க அப்படியே இருக்கும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
லட்சுமிகாந்தம்