பெரியப்பாவுக்கு மிஷின் சொன்ன இரங்கல்

நவம்பர் 3, திங்கள்

நிலவில் உறைந்த தண்ணீர் இருக்கலாம் என்று இன்று ஒரு செய்தி போட்டேன். முதல் வாசகர் கருத்து: “எங்க தெருவுக்குத் தண்ணி வந்து ஒரு வாரமாச்சு. அங்கேயிருந்து ஒரு லைன் இழுக்க முடியுமான்னு கேட்டுச் சொல்லுங்க.” அடுத்தது, வழக்கம்போல ‘அக்மார்க் தமிழன்’: “இதை நம் முன்னோர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள்.” எங்கே சொன்னார்கள், யாரிடம் சொன்னார்கள்? கேட்டால் திட்டுவார்.

ராஜபாளையத்தில் ஒரு மாடியறையில் நடக்கிறது எங்கள் செய்தித் தளம். அறிவியல் பக்கம் எழுதுவது நான். கருத்துகளைப் பார்த்து அனுமதிப்பதும் நான். கீழே போய் டீ வாங்கி வருவதும் நானாகத்தான் இருந்தேன், போன மாதம் வரை. இனி முடியாது என்றேன். இப்போது ஆபீஸில் எல்லோரும் டீயையே விட்டுவிட்டார்கள்.

நவம்பர் 5, புதன்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரி, நோயாளிகளுக்குப் போன் செய்து தேதியை உறுதிசெய்ய ஏ.ஐ. குரல் வைத்திருக்கிறதாம். ஆசிரியர் தனுஷ்கோடி அண்ணாச்சி, “தமிழை முழுசாப் புரிஞ்சுக்கும்னு போடும்மா” என்றார்.

“எந்தத் தமிழை, அண்ணாச்சி?”

“தமிழ்ல எத்தனை தமிழ் இருக்கு?”

‘புரிந்துகொள்ளும் என்று நிறுவனம் கூறுகிறது’ என்று எழுதினேன். கடைசி மூன்று சொல்லை வெட்டிவிட்டார். இடம் இல்லையாம். இணையத்தில் இடம் இல்லையாம்! செய்திக்குப் பக்கத்திலேயே ஆஸ்பத்திரி விளம்பரம், அகலமாக.

நவம்பர் 6, வியாழன்

அந்த ஏ.ஐ. குரல் செய்தியின் கீழே எத்தனை கைதட்டல்கள்! ஒருத்தராவது அந்தக் குரலோடு பேசியிருப்பார்களா?

நவம்பர் 10, திங்கள்

பெரியப்பா செத்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் மட்டும். ஆள் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

சோலைச்சாமி பெரியப்பா பட்டாளத்திலிருந்து வந்தவர். ராஜபாளையம் ரோட்டில் ஒரு மில்லில் கேட் வாட்ச்மேன். கண்ணில் புரை விழுந்து லாரி நம்பரைத் தப்பாக எழுதிவிட்டார். இந்த மாதத்துக்குள் ஆபரேஷன் முடித்து, பார்வை சரியென்று சான்று கொண்டுவராவிட்டால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இன்றைக்குத்தான் ஆபரேஷன் தேதி. வன்னியம்பட்டியிலிருந்து நான் கூட்டிப் போனேன்.

கவுன்ட்டர் பெண் திரையைப் பார்த்தாள். “சோலைச்சாமிங்கிறவர் இறந்துட்டாருன்னு இருக்கே. நீங்க அவருக்கு என்ன வேணும்?”

“நான்தாம்மா அவரு.”

“இல்ல சார், உங்க வீட்டுல இருந்தே சொல்லியிருக்காங்க.”

இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. இறந்ததாகப் பதிந்ததை அங்கே மாற்ற முடியாதாம், அந்த ஏ.ஐ. குரலைக் கொடுத்த கம்பெனிக்கு மெயில் போடவேண்டுமாம். அடுத்த தேதி டிசம்பரில். ஒரு மனுசன் முன்னால வந்து நிக்காரு, மூச்சு விடுதாரு – அவரைவிடத் திரையில இருக்கதுதான் நெசமா?

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா கத்தினார். “ஏட்டி அங்காளம்மா, நான் செத்துட்டேன்னு எவன்கிட்ட சொன்ன?”

“சொல்லணும்னா ஊரைக் கூட்டில்லா சொல்லுவேன்? போன்லயா சொல்லுவேன்?” என்றாள் பெரியம்மா.

பெரியப்பா போனில் எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும். ஆஸ்பத்திரி அழைப்பைப் போட்டுக் கேட்டோம். குரல்: “சோலைச்சாமி அவர்கள் இருக்கிறாரா?” பெரியம்மா: “செத்த பொறுங்க, அவியளக் கூப்பிடுதேன்.” போனை ஆட்டுரல்மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். சற்றுப் பொறுங்கள் என்பதைத்தான் சொன்னாள். மிஷினுக்குப் பிடிபட்டது முதல் சொல் மட்டும். “அவரது மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல். பதிவு நீக்கப்படுகிறது. இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்.” அதைக் கேட்க அங்கே கோழிதான் இருந்தது. கொக்கரிப்பதும் பதிவாகியிருக்கிறது.

“என்ன மரியாதையாப் பேசுது!” என்றார் பெரியப்பா. மூன்று பேரும் சிரித்தோம். மாத முடிவு ஞாபகம் வந்ததும் பெரியம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நவம்பர் 11, செவ்வாய்

செய்தியாக எழுதிக் கொடுத்தேன். அண்ணாச்சி இரண்டு தடவை படித்தார். சிரித்தார். “நல்லா இருக்கும்மா. ஆனா போட முடியாது. விளம்பரம் மாசம் முழுக்க ஓடுது.”

“அப்போ ஆளைச் சாகவிட்டிருவோமா?”

“வாசகர் யாராச்சும் கருத்துல எழுதுனா அது வேற. அதுக்கு நாம பொறுப்பு இல்லைன்னு கீழேயே போட்டிருக்கோம்ல.”

அவர் தப்பிப்பதற்காகச் சொன்னார். நான் அதையே வழியாக எடுத்துக்கொண்டேன். பெரியம்மாவும் வாசகர்தானே? தப்புக் கண்டுபிடிக்கவாவது நான் எழுதுவதைத் தினமும் படிக்கிறாளே!

நவம்பர் 12, புதன்

ஆஸ்பத்திரிக் குரல் செய்தியின் கீழே பெரியம்மா தானே போட்டது: “உங்க மிஷினுக்கு வணக்கம். செத்த பொறுங்கன்னு சொன்னதுக்கு எங்க வீட்டுக்காரரச் சாகடிச்சுட்டீங்க. அவரு இப்ப கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்காரு. இந்த மாசம் ஆபரேஷன் ஆகலேன்னா வேலை போயிரும். தாலி என் கழுத்துலதான் கெடக்கு, வந்து பாத்துக்கிடுங்க. – அங்காளம்மாள், வன்னியம்பட்டி.”

அனுமதித்தேன். எல்லாக் கருத்துக்கும் மேலே நிற்கும்படியும் செய்தேன். அந்தப் பட்டனும் என்னிடம்தான் இருக்கிறது.

நவம்பர் 13, வியாழன்

அக்மார்க் தமிழன்: “‘சற்று’ என்று தூய தமிழில் பேசியிருந்தால் இச்சிக்கல் எழுந்திருக்காது.”

பெரியம்மா: “உம்ம பேருல முன்பாதி எந்தத் தமிழு?”

விக்னேஷ்வரன், சோழபுரம்: “எங்க மாமாவும் இப்படித்தான் போன வாரம் செத்தாரு. நேத்து கபடிக்கு நடுவரா நின்னாரு.”

இசக்கியம்மாள், மம்சாபுரம்: “எங்க அத்தைக்கும் இரங்கல் வந்துச்சு. ஏதோ விளம்பரம்னு வச்சுட்டோம்.”

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வயிறு எரிகிறது. டிவியில் செய்தி வாசிப்பவர்களின் தமிழை மட்டும் மிஷினுக்கு ஊட்டிவிட்டு, முழுத் தமிழும் தெரியும் என்று விற்கிறார்கள். கண் மங்கிப்போய் தேதிக்குக் காத்திருப்பவர்களில் எத்தனை பேர் அப்படிப் பேசுவார்கள்? தப்பு மிஷினுடையது. மாறவேண்டியது மட்டும் பெரியம்மாவின் வாயா?

நவம்பர் 14, வெள்ளி

“உன்னை நம்பித்தானேம்மா அந்தப் பட்டனைக் குடுத்தேன்!” என்று அண்ணாச்சி குதித்தார்.

“வழி சொன்னதே நீங்கதானே, அண்ணாச்சி?”

முறைத்தார். பிறகு எத்தனை பேர் படித்திருக்கிறார்கள் என்று பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “அழிக்காத. கெடக்கட்டும்.” மனசாட்சி என்று நம்ப எனக்கும் ஆசைதான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் பேசினாள். செவ்வாய்க்கிழமை வரச்சொன்னாள். செத்துப்போன மற்றவர்களையும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்களாம்.

“பேசுனது பொம்பளதானா, மிஷினான்னு கேட்டியா?” என்கிறார் பெரியப்பா. கேட்டேன். மூக்கை உறிஞ்சினாள். பெண்தான்.

நவம்பர் 17, திங்கள்

விளம்பரம் நின்றுபோனது. அறிவியல் பக்கத்தை நிறுத்திவிட்டு ராசிபலன் போடச் சொன்னார் அண்ணாச்சி. முடியாது என்றேன். “சரி, ரெண்டையும் பாரு” என்கிறார். சம்பளம் ஒன்றுக்குத்தான்.

நவம்பர் 18, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துப் பெரியம்மா, “யாரு இந்த மைனர்?” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்தானையால் துடைத்தது வேர்வையை அல்ல.

நவம்பர் 29, சனி

மில்லில் சான்று கொடுத்தாயிற்று. திங்கள் முதல் வரச்சொல்லியிருக்கிறார்கள்.

டிசம்பர் 2, செவ்வாய்

பஸ்ஸில் நிற்க இடமில்லை. படியில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு வந்தேன். மில்லுக்கு முன்னால் பஸ் மெதுவாக ஊர்ந்தது. நான் கையைக்கூட ஆட்டவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், கேட்டுக்குள்ளேயிருந்து பட்டாளத்துக் குரல்:

“ஏட்டி கல்பனா! படியில என்ன வேலை? உள்ள ஏறு!”

பஸ் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. உள்ளே ஏறினேன்.