கிழியாத தையல்

மெக்னெஸ், மொராக்கோ,
15 நவம்பர் 1994, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் பெர்லாவுக்கு உன் தகப்பன் மக்லூஃப் எழுதிக்கொள்வது. இங்கே நலம் என்று எழுதப் பேனா நகர மறுக்கிறது. அங்கே நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் அம்மா ஃப்ரீஹா போய் இன்றோடு இருபது நாள். பக்கத்து வீட்டு லத்தீஃபா உனக்குத் தந்தி கொடுத்ததாகச் சொன்னாள். நீ வரவில்லை. வந்தால் கதவைத் திறப்பேனா என்று பயந்திருப்பாய். அந்தப் பயத்தை உண்டாக்கியவன் நான்தான். உன்மேல் எனக்குக் குறை இல்லை.

கஷ்டப்படாமல்தான் போனாள். சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. "உப்பு போட்டேனா இல்லையான்னு மறந்துபோச்சு, கொஞ்சம் ருசி பாருங்க" என்று சொல்லி உட்கார்ந்தாள். உப்பு சரியாக இருந்தது. சொல்லத் திரும்பினேன், அவள் இல்லை.

எண்பத்தொரு வயது. எட்டுப் பெற்று ஆறு வளர்த்தாள். இந்தத் தெருவில் எத்தனை மணப்பெண்களுக்கு மருதாணி வைத்திருப்பாள், எத்தனை பெண்களைக் கடைசியாகக் குளிப்பாட்டியிருப்பாள்! லத்தீஃபாவின் நான்கு பிள்ளைகளையும் முதலில் கையில் வாங்கியவள் அவள்தான். அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் பாதிப்பேர் நம் யூத ஆட்கள் இல்லை.

அன்று நடந்ததை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. நீ நம் மதத்தில் பிறக்காத ரெமியைக் கட்டிக்கொண்டு போனபோது, செத்த பிள்ளைக்குச் செய்வதுபோல என் பழுப்பு அங்கியை வலப்பக்க மார்பில் கிழித்துக்கொண்டு ஏழு நாள் துக்கம் காக்கத் தரையில் உட்கார்ந்தேன். உன் அம்மா என்னோடு உட்காரவில்லை. கத்தரிக்காய் வறுத்துத் தட்டை என் முன்னால் டங்கென்று வைத்தாள். "உசுரோட இருக்குற புள்ளைக்கு எவனாச்சும் துணியைக் கிழிப்பானா? தரை வேற சில்லுன்னு கெடக்கு. மூலம் வந்தா அவஸ்தைப்படப் போறது நீங்கதான், நான் இல்ல" என்றாள். மறுநாளே அந்தக் கிழிசலைத் தைத்துவிட்டாள். எதனால் தெரியுமா? என் பட்டறையில் செருப்புத் தைக்கிற மெழுகு நூலால், இரட்டையாக.

இருபத்து மூன்று குளிர்காலம் அதையே போட்டேன். அவளை அடக்கம் செய்த அன்றும் அதுதான் உடம்பில் இருந்தது. நம் வழக்கப்படி மனைவி செத்தாலும் அதே வலப்பக்கம்தானே கிழிக்க வேண்டும்? என் தங்கை மகன் ஷ்லோமோ கத்தியால் கொஞ்சம் கீறிவிட்டான். நான் இழுத்தேன். வரவில்லை. அவனும் சேர்ந்து இழுத்தான். "என்ன மாமா, கம்பி போட்டா தச்சிருக்கு?" என்றான். அவள் முன்னால் நின்றுகொண்டே நான் சிரித்துவிட்டேன், பெர்லா. பிறகு அழுதேன். கடைசியில் பக்கத்துத் துணியைத்தான் கிழித்தார்கள். அவள் உனக்காகத் தைத்த இடம் அப்படியே இருக்கிறது.

உன் கடிதங்கள் லத்தீஃபா வீட்டுக்கு வந்தது எனக்குத் தெரியும். புதினா கடன் கேட்டு வருவாள். அவள் முற்றத்தில் புதினா காடாகக் கிடக்கும்! அவளும் உன் அம்மாவும் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு கடிதத்தை வாசிப்பார்கள். நான் வெளியே உட்கார்ந்து, உன் சின்னவனுக்குப் பல் முளைத்தது வரை கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள்கூடக் கதவைத் தட்டி உள்ளே போகவில்லை. உன் அம்மா இருக்கும்போதே போயிருக்கலாம். அது என்னை அறுக்கிறது.

மனைவிக்காகக் கிழித்ததை முப்பது நாள் கழித்துத் தைக்கலாம், உனக்குத் தெரியும். இன்னும் பத்து நாள். மெழுகு நூல் வைத்திருக்கிறேன். அறுபது வருஷம் செருப்புத் தைத்தவனுக்கு இப்போது ஊசிக் காது தெரியவில்லை. சின்ன வயதில் நீதான் கோத்துக் கொடுப்பாய். கோத்துத் தரட்டுமா என்று லத்தீஃபா கேட்டாள், வேண்டாம் என்றுவிட்டேன்.

ரெமிக்கு வெள்ளைப்பூண்டு ஆகாது என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாயாம். சூப்பில் போடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

ஆண்டவன் உன்னையும் உன் வீட்டாரையும் காக்கட்டும். கதவு தாழிடாமல் இருக்கிறது.

உன் அப்பா,
மக்லூஃப்