லக்ஷ்மம்மா வீட்டுப் பக்கத்து சைட்

மைசூரு, ஞாயிறு

அன்பு மகள் வைஷாலிக்கு அம்மா எழுதுவது. மாதேஸ்வரன் சாமி புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் எனக்குப் பாதிச் சுகம்தான். நீயாவது முழுச் சுகமாக இரு. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதிப் படம்பிடித்து அனுப்புகிறேன்.

மறுபடியும் நீர்க்கடுப்பு. தண்ணீர் குடி என்று மஸ்கட்டிலிருந்து சொல்கிறாய், குடித்துவிட்டு எங்கே போவது, விடியலில் துடைப்பம் எடுத்தால் மதியம் வரை தேவராஜ மொஹல்லாவில் எங்களுக்கு ஒதுங்க ஒரு மறைவு இல்லை. போன மாதம் வார்டு சங்கத்தில் போன் வழியாகக் கருத்துக் கேட்டார்கள். ஒவ்வொரு வரியாக வரும், சம்மதம், சம்மதமில்லை, தெரியாது என்று ஒன்றை அழுத்த வேண்டும், என்ன வேலை என்று மட்டும் முதலில் கேட்கும், யார் அழுத்தியது என்று தெரியாதாம், எந்தக் கூட்டம் எதில் ஒத்துப்போகிறது எதில் பிரிகிறது என்று கடைசியில் படமாகக் காட்டும். தெருக் கூட்டும் பெண்களுக்குக் கழிப்பறையோடு ஓர் அறை வேண்டும் என்ற வரிக்கு எல்லோரும் சம்மதம், எனக்குக் கண்ணே நிறைந்துவிட்டது. அடுத்த வரி, அதை லக்ஷ்மம்மா வீட்டுப் பக்கத்துக் காலி சைட்டில் கட்டலாம் என்று. வேறு இடமும் இல்லை. ஒன்பது வருடமாகக் காபி கொடுக்கிற மகராசி, அவர் வீட்டை ஒட்டிக் கக்கூஸ் கட்டு என்று நான் எப்படிச் சொல்வது? பெயர் தெரியாது என்றதை நம்பவில்லை. சம்மதமில்லை என்று அழுத்திவிட்டேன். எங்கள் பதினொரு பேரில் எட்டுப் பேர் அப்படியே அழுத்தியிருக்கிறோம். கூட்டுகிறவர்களே வேண்டாம் என்கிறார்கள் என்று படத்தில் வந்துவிட்டது, சைட் வண்டி நிறுத்தப் போய்விட்டது.

நேற்று லக்ஷ்மம்மா காபி கொடுத்தபடியே, நான் சம்மதம்னுதானே போட்டேன், நீங்களே வேண்டாம்னுட்டேளாமே, ஏன்டி பாப்பாத்தி என்றார். எனக்கென்று வைத்திருக்கும் டம்ளரில் பாதி குடித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தேன். இத்தனை வருடத்தில் அவர் வீட்டுக் கழிப்பறையை நானும் கேட்டதில்லை, அவரும் போயிட்டு வா என்றதில்லை. யான தன் தலைல தானே மண்ண வாரிப் போட்டுக்கிட்டாப்ல பண்ணிட்டியே என்று அப்பா திட்டுகிறார். திட்டட்டும்.

அங்கே உன்னை யாராவது கேட்டால், உனக்கு வேண்டியதை வேண்டும் என்று சொல்லிப் பழகு, என்னைப்போல் அடுத்தவர் முகம் பார்த்துத் தயங்காதே. நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் இரு. நிறையத் தண்ணீர் குடி, உனக்குத்தான் அங்கே போக இடம் இருக்கிறதே.

இப்படிக்கு
உன் அம்மா பாப்பாத்தி